மண்டி எடைச்சீட்டு மென்பொருளுக்கு ஆவணம்: தமிழா ஆங்கிலமா, ஸ்பிங்க்ஸா எம்கேடாக்ஸா, எழுதுறது யாரு?

செந்தூரா | காவேரிப்பட்டணம்

எல்லாருக்கும் வணக்கம். மாங்காய் மண்டிக்கான எடைச்சீட்டு மென்பொருளை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. தராசிலிருந்து எடையை நேரே வாங்கி, கழிவு, கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் பிடிச்சு, விவசாயி கையில் சீட்டு அடிச்சுக் கொடுக்கும். பைதானில் எழுதினது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம். போச்சம்பள்ளி, பர்கூர், காரிமங்கலம் பக்கம் சில மண்டிகளில் ஓடுது.

நிரலைப் பத்திக் கவலை இல்லை. ஆவணம்தான் கவலை. இப்போ இருக்கிறது ஒரே ஒரு ரீட்மி கோப்பு, அதுவும் ஆங்கிலம். "தேவையானதை இன்ஸ்டால் பண்ணி ஓட்டவும்" என்கிற அளவில் நிக்குது. புதுசா ஒரு மண்டிக்காரர் கேட்டா நான் வண்டி எடுத்துக்கினு போய் உட்கார்ந்து போட்டுத் தரணும், இல்லைன்னா போனில் கத்தணும். சித்திரையில் காய் இறங்க ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் அதுக்கு நேரம் கிடையாது.

பங்குனிக்குள்ள ஒழுங்கான டாக் எழுதி ஏத்திடணும். தமிழிலா ஆங்கிலத்திலா? ஆவணப் பக்கங்களைக் கட்டுற கருவி ஸ்பிங்க்ஸா எம்கேடாக்ஸா? கோட் எழுதினவங்களே எழுதணுமா, வேற ஆளா? சண்டை போட்டாலும் பரவாயில்லை, காரணத்தோட போடுங்க.

---

ஓசூர்_ஷிஃப்ட் | ஓசூர்

ஆங்கிலம்தான் ணா. யோசிக்கவே வேண்டாம். பங்களிப்பாளர் நாளைக்கு எங்கிருந்து வேணா வரலாம். தமிழ்ல எழுதிட்டா பெங்களூர்ல இருக்கிற நம்ம ஆபீஸ் பசங்களே பாதிப் பேர் கை வைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. மண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் டாக் படிப்பாருன்னு நீங்க நம்பறீங்களா? ரெண்டு யூடியூப் வீடியோ போட்டு வாட்ஸ்அப் குரூப்புல லிங்க் தட்டி விடுங்க. வேலை முடிஞ்சுது.

---

மண்டிக்_கிளார்க் | ராயக்கோட்டை ரோடு

படிப்பாங்களான்னு கேட்டீங்களே, நான் படிப்பேங்க தம்பி. எனக்காகத்தான் இந்தப் பதில்.

ராத்திரி லோடு வந்து நிக்குது. தராசுல எடை தெரியுது, கம்ப்யூட்டர்ல சுழி காட்டுது. கீழ இங்கிலீஷ்ல ஒரு வரி சிவப்பா வருது. அந்த வரிக்கு என்ன அர்த்தம், நான் எந்த ஒயரைப் பிடுங்கி எதுல சொருகணும், இவ்வளவுதான் எனக்கு வேணும். வீடியோவுல அது எத்தனாவது நிமிஷத்துல இருக்குன்னு தள்ளித் தள்ளித் தேடறதுக்குள்ள பின்னாடி நிக்கிற டிராக்டர்காரர் ஹாரன்லயே என் காதைக் கிழிச்சுடுவாரு. மண்டியில் சிக்னலும் சரியா எடுக்காது, வீடியோ சுத்திக்கினே இருக்கும்.

எழுத்துல இருந்தா கண்ணால ஒரு ஓட்டம் ஓட்டிப் பிடிச்சுடலாம். தமிழ்ல இருக்கணும். அந்தச் சிவப்பு வரியை மட்டும் இங்கிலீஷ்ல அப்படியே போடுங்க. திரையில வர்றதும் காகிதத்துல இருக்கிறதும் ஒண்ணா இருந்தாத்தான் நான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

---

தீர்த்தமலை | அரூர், இப்போ பெங்களூர்

மேலே மண்டிக் கிளார்க் அண்ணன் எழுதினதை ரெண்டு தடவை படிங்க. ஆவணம் எழுதுவதுதான் என் பிழைப்பு. எங்க வேலையில் இதைவிடத் தெளிவாக ஒரு பயனர் தேவையைச் சொல்லி நான் கேட்டது குறைவு.

"தமிழா ஆங்கிலமா" என்ற கேள்வியை அப்படியே கேட்டால் விடை வராது. யார், எப்போ, எந்த நிலையில் படிக்கிறார் என்று கேட்கணும். டேனியலே ப்ரோச்சிடா என்பவர் டயாடாக்சிஸ் என்ற பெயரில் ஆவணங்களை நாலாகப் பிரிச்சு வெச்சிருக்கார்: கையைப் பிடிச்சுக் கூட்டிப்போகும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் குறிப்பு, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். நாலையும் ஒரே பக்கத்தில் கலக்காதே என்பது அவர் கட்சி. பெரிய திட்டங்கள் பல இந்தப் பிரிவைப் பின்பற்றுகின்றன. நம்ம அளவுக்கு அதை அப்படியே நாலு கோப்புறையாக வெச்சுட்டு, காலியான கோப்புறைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். உங்களுக்கு முதலில் வேண்டியது ரெண்டாவது வகைதான், அதிலும் குறிப்பாகப் பிழைச்செய்திப் பக்கம்.

இது ஒண்ணும் புது யோசனை இல்லை. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பிலேயே கட்டளைகளுக்கு "கோளாறுகள்" என்று ஒரு தலைப்பு உண்டு. நிரலை எழுதினவங்களே, இது இந்த இடத்தில் உதைக்கும் என்று அச்சில் சொல்லிட்டாங்க. இன்றைக்கு ஒரு நிறுவனக் கையேட்டில் அப்படி ஒரு தலைப்பைப் போட அனுமதி வாங்கிப் பாருங்க, தெரியும்.

உதாரணத்துக்கு உங்க மென்பொருளையே எடுத்துக்கலாம். தராசு கேபிளை யுஎஸ்பியில் சொருகியாச்சு, "பர்மிஷன் டினைடு" என்று வருது. உபுண்டு, டெபியன் ரெண்டிலும் சீரியல் போர்ட்டைத் தொட, பயனர் "டயல்அவுட்" குழுவில் இருக்கணும். குழுவில் சேர்க்கிற கட்டளையை எல்லாரும் எழுதுவாங்க. சேர்த்த பிறகு ஒரு முறை லாக்அவுட் செஞ்சு திரும்ப உள்ளே வரணும், அதுவரைக்கும் பழைய அனுமதிதான் நிக்கும் என்பதை எழுத மாட்டாங்க. கட்டளை கொடுத்தும் அதே பிழை வருதேன்னு பயனர் குழம்பிப் போய் உங்களுக்குப் போன் போடுவார். அந்த விட்டுப்போன ஒரு வரிக்குத்தான் நீங்க வண்டி எடுத்துக்கினு போறீங்க.

அடுத்தது இன்னும் குசும்பு. உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் இருக்கிற மலிவு விலை யுஎஸ்பி கேபிளைச் சொருகினா, போர்ட் தோன்றின உடனே மறைஞ்சுடும். பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், அந்தக் கேபிளைத் தன்னோட சாதனம்னு நினைச்சு இழுத்துக்கும். அந்த நிரலை நீக்கினா சரியாகிடும். ஆனா "நீக்கிடு" என்று மட்டும் எழுதாதீங்க. பார்வையற்றவர் பயன்படுத்தும் கணினியில் அது போயிட்டா அவர் திரையையே இழந்துடுவார். அப்படிப்பட்ட கணினியா என்று பார்த்துட்டு நீக்கச் சொல்லி ஒரு வாக்கியம் சேருங்க.

யார் எழுதுறது என்று கேட்டீங்க. முதல் வரைவை நிரல் எழுதினவர் எழுதட்டும், வேற வழியில்லை. ஆனா அதை ஒரு புது ஆள் கையில் கொடுத்து, நீங்க பக்கத்தில் வாயை மூடிக்கினு உட்காரணும். அவர் எங்கே நிக்கிறாரோ அங்கேதான் ஆவணத்தில் ஓட்டை. உதவிக்கு வாய் திறந்தா சோதனை கெட்டுப்போச்சு.

---

பர்கூர்_பொறியியல் | பர்கூர்

அக்கா, சந்தேகம் ஒண்ணு. டாக் எழுதுறதை நிஜமான பங்களிப்பா எடுத்துப்பாங்களா? எங்க வகுப்பில் ஒருத்தன் ஒரு திட்டத்துக்கு ஆவணத் திருத்தம் அனுப்பினான். "இது கோட் இல்லையே" என்று கேலி பண்ணினாங்க. எனக்கு எழுத ஆசை இருக்கு, ரெஸ்யூமேல போட முடியுமான்னு தயக்கம்.

---

தீர்த்தமலை

தாராளமா போடு தம்பி. 2019-இல் கூகுள் ஆவணங்களுக்கென்றே தனித் திட்டம் தொடங்கி, கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு எழுத்தாளர்களைச் சேர்த்து விட்டது. "ரைட் தி டாக்ஸ்" என்று இந்தத் தொழிலுக்கான மாநாடே 2013 முதல் நடக்குது. கேலி பண்றவனிடம் அவனோட ரெப்போ (கோட் வெச்சிருக்கிற இடம்) சுட்டியைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கிற ரீட்மியை வெச்சு உன் கணினியில் அதை ஓட்ட முடியுதான்னு பாரு.

செந்தூரா, பங்களிப்பாளர் பட்டியலில் ஆவணம் எழுதினவங்க பேரும் கோட் எழுதினவங்க பேரும் ஒரே வரிசையில் வரட்டும். மண்டிக் கிளார்க் அண்ணன் பேரும், அவர் சம்மதிச்சா.

---

ஓசூர்_ஷிஃப்ட்

சரி, வீடியோ யோசனையை வாபஸ் வாங்கலை, ஆனா எழுத்தும் வேணும்னு ஒத்துக்கறேன் 😄

கருவிக்கு வருவோம். எம்கேடாக்ஸ் போடுங்க. மார்க்டவுன் என்கிற எளிய எழுத்து முறை எல்லாருக்கும் தெரியும், அமைப்புக்கு ஒரே ஒரு யாமல் கோப்பு, சேமிச்சதும் பிரவுசரில் பக்கம் மாறிடும். ஸ்பிங்க்ஸோட ஆர்எஸ்டி என்கிற எழுத்து வடிவத்தை ஒரு மாணவருக்குக் கத்துக்கொடுக்கிறதுக்குள்ள மாங்காய் பழுத்துடும்.

---

பாலக்கோடு_பைதான் | பாலக்கோடு

ஓசூர் தம்பி சொல்றது பாதி உண்மை. ஆனா மண்டியில் நெட் சரியா எடுக்காது என்று மேலேயே சொல்லியாச்சு. அதனால் ஆவணத்தைக் கோப்புறையாக பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, கணினியிலிருந்தே திறந்து படிக்கிற மாதிரி இருக்கணும். அங்கேதான் ரெண்டு கருவிக்கும் வித்தியாசம் தெரியும்.

எம்கேடாக்ஸ் இயல்பாக ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கோப்புறையாக வெச்சு முகவரி கொடுக்கும். சர்வரில் அழகா இருக்கும். பென்டிரைவிலிருந்து திறந்தா சுட்டியை அழுத்தும்போது பக்கத்துக்குப் பதிலா கோப்புறைப் பட்டியல் வந்து நிக்கும். அந்த அமைப்பை அணைச்சுடலாம், ஆனா தேடல் பெட்டி அப்போதும் வேலை செய்யாது. தேடல் தரவை இன்னொரு கோப்பிலிருந்து இழுக்கணும். உள்ளூர்க் கோப்பாகத் திறந்த பக்கத்துக்கு பிரவுசர் அந்த அனுமதியைத் தராது. எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் என்ற தோற்றத் தீமில் இதுக்குத் தனிச் செருகுநிரல் உண்டு, அதைப் போட்டாத்தான் சரியாகும். ஸ்பிங்க்ஸ் தன் தேடல் சுட்டெண்ணையே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக எழுதிடுது. நெட் இல்லாமலே திறக்கும்.

ஸ்பிங்க்ஸ் 2008-இல் பைதான் மொழியோட சொந்த ஆவணத்துக்காகப் பிறந்தது. அதுக்கு முன்னாடி பைதான் ஆவணம் லேடெக்ஸ் என்ற அச்சமைப்பு வடிவில் இருந்தது. அதனால் பைதான் நிரலிலிருந்து விவரம் எடுக்கிற வேலையில் அது கெட்டி.

ஆனா தமிழில் ஆர்எஸ்டி எழுதினா சில குழிகள் இருக்கு. இதை யாரும் எழுதி வெச்சு நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல் குழி, தலைப்பு. ஆர்எஸ்டியில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் கோடு போடணும். கோடு தலைப்பைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. "நிறுவுதல்" என்று எழுதிட்டு, கண்ணுக்குத் தெரியறது அஞ்சு எழுத்துதானே என்று அஞ்சு சமக்குறி போட்டா, தலைப்புக் கோடு போதலை என்று எச்சரிக்கை வரும். யூனிகோடில் அது ஒன்பது குறி: ந, இகரக் குறி, ற, உகரக் குறி, வ, உகரக் குறி, த, ல, புள்ளி. ஸ்பிங்க்ஸுக்கு அடியில் இருக்கிற டாக்யூட்டில்ஸ், புள்ளியை மட்டும் கழிச்சுட்டு மத்த உயிர்க்குறிகளை எல்லாம் தனித்தனி இடமாக எண்ணும். ஆக எட்டு. ஆங்கிலத்துக்கு எழுதின விதி நம்ம எழுத்துக்கு வரும்போது இப்படித்தான் இடிக்குது. கோடு நீளமா இருந்தா அதுக்குக் கவலையில்லை, அதனால் எப்பவும் தாராளமா இழுத்து விடுங்க.

ரெண்டாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஒரு கட்டளைப் பெயரைச் சிறப்பு எழுத்தில் காட்டினா, பின்னாடி இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்துடும். நாம "பிப்-ஐ", "பிப்பில்", "பிப்புக்கு" என்று ஒட்டித்தான் எழுதுவோம் (பிப் என்பது பைதான் தொகுப்பை நிறுவுற கட்டளை). ஆர்எஸ்டியில் மூடும் குறிக்கு அடுத்து நேரடியா ஒரு எழுத்து வந்தா, அது மூடினதாகவே கணக்கில்லை. பத்தி முழுக்க அலங்கோலம் ஆகும். நடுவில் ஒரு சிறுகோடு போடலாம், அல்லது பின்சாய்கோடும் இடைவெளியும் போட்டு ஒட்டலாம். எழுத்தளவில் குறியீட்டை ஏற்கச் சொல்லி டாக்யூட்டில்ஸில் ஒரு அமைப்பும் இருக்கு.

மூணாவது, சுட்டி. தமிழ்த் தலைப்புக்கு டாக்யூட்டில்ஸ் தானாகக் கொடுக்கிற அடையாளம் "ஐடி1", "ஐடி2" என்று எண்ணாகத்தான் வரும், ஏன்னா ஆங்கில எழுத்தல்லாத எல்லாத்தையும் அது உதறிடுது. நடுவில் ஒரு புதுத் தலைப்பு சேர்த்தா எண்ணெல்லாம் நகர்ந்துடும். வாட்ஸ்அப்பில் நேத்து அனுப்பின சுட்டி இன்னிக்கு வேற பகுதிக்குப் போகும். எம்கேடாக்ஸிலும் கதை இதேதான். அங்கே யூனிகோடுக்கு மாத்திக்கிற வசதி இருக்கேன்னு மாத்தினா "நிறுவுதல்" என்பது "நறவதல" ஆகி வரும். பைதானின் வழக்கமான எழுத்துப் பொருத்தம் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே ஏற்காது. அதனால் எந்தக் கருவியா இருந்தாலும் ஒவ்வொரு முக்கியத் தலைப்புக்கும் மேலே ஒரு பெயரை நாமே ஆங்கில எழுத்தில் வெச்சுடணும்.

இப்போ என் யோசனை. ஸ்பிங்க்ஸையே வெச்சுக்கினு, உள்ளே மிஸ்ட் என்ற செருகுநிரலைப் போட்டு மார்க்டவுனில் எழுதுங்க. மார்க்டவுனில் தலைப்புக்கு முன்னாடி ஒரு ஹேஷ் குறி போதும், கோடு எண்ணும் வேலை இல்லை. கட்டளைப் பெயருக்குப் பின்னாடி உருபு ஒட்டினாலும் அது கோவிச்சுக்காது. முதல் ரெண்டு குழியும் ஒரே அடியில் மூடிடும். ஓசூர் தம்பிக்கும் மார்க்டவுன் கிடைச்சாச்சு.

---

ஓசூர்_ஷிஃப்ட்

நறவதல 😂😂 சரிங்க ணா, மிஸ்ட்டுக்கு என் ஓட்டு.

---

செந்தூரா

பாலக்கோடு அண்ணா, இந்தப் பதிலையே ஆவணத்தின் "தமிழில் எழுதுவோருக்கு" பக்கமாகப் போட்டுக்கறேன், உங்க அனுமதி இருந்தா.

தேடல் பத்தி ஒரு கேள்வி. ஸ்பிங்க்ஸில் தேடல் பெட்டி நெட் இல்லாம திறக்கும்னு சொன்னீங்க. தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினா கிடைக்குமா? நான் சின்னதா ஒரு மாதிரி கட்டிப் பார்த்தேன். "கழிவு" என்று போட்டா சம்பந்தமில்லாத பக்கமெல்லாம் வருது.

---

பாலக்கோடு_பைதான்

வரும். அதே "நறவதல" வியாதிதான். சொல்லை உயிர்க்குறி வருகிற இடத்தில் எல்லாம் வெட்டி, துண்டுகளைத்தான் சுட்டெண்ணில் சேர்க்குது. ஸ்பிங்க்ஸ் தேடல் ஆதரிக்கும் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது. இத்தனைக்கும் வேர்ச்சொல் பிரிக்கும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழ் சேர்ந்தாச்சு. யாராவது ஸ்பிங்க்ஸுக்கு ஒரு தமிழ்த் தேடல் வகுப்பு எழுதி அனுப்பினா உலகத்துக்கே உபயோகம். (பர்கூர் தம்பி, ரெஸ்யூமே என்று கேட்டியே.)

அதுவரைக்கும் தேடல் பெட்டியை நம்பாதீங்க. ஸ்பிங்க்ஸில் எல்லாப் பக்கத்தையும் ஒரே நீளமான பக்கமாக் கட்டும் வசதி உண்டு, "சிங்கிள் எச்டிஎம்எல்" என்று பேரு. அதைத் திறந்து கண்ட்ரோல் எஃப் அடிச்சா பிரவுசர் தமிழை ஒழுங்காகத் தேடும். கூடவே அகரவரிசைச் சுட்டும் கட்டலாம். எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று நாமே குறிச்சு விட்டா, புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் மாதிரி ஒரு பட்டியல் தானா வந்துடும்.

---

மண்டிக்_கிளார்க்

கண்ட்ரோல் எஃப் எனக்குத் தெரியும். அது போதுங்க.

---

பென்னாகரத்தான் | பென்னாகரம்

எல்லாரும் பயனர் கையேட்டையே பேசறீங்க. நிரலாளர் ஆவணம் என்ன ஆச்சு? எனக்கு ஒரு வேபிரிட்ஜ் (வண்டி எடைமேடை) மாடலுக்கு இணைப்பு எழுதணும். எந்த வகுப்பை நீட்டிக்கணும், எடை எந்த வடிவில் வரணும் என்று தேடினா ஒண்ணும் இல்லை. கோடைப் படின்னு சொல்றது பதில் ஆகாது.

ஸ்பிங்க்ஸில் ஆட்டோடாக் இருக்கு. கோடுக்குள்ளேயே டாக்ஸ்ட்ரிங் என்கிற விளக்க வரி எழுதினா அதுவே எடுத்துக்கும். ஆனா உங்க ரெப்போவை இறக்கிப் போட்டு ஆட்டோடாக் ஓட்டினேன், பில்ட் உடைஞ்சுது.

---

பாலக்கோடு_பைதான்

காரணம் இருக்கு. ஆட்டோடாக் கோப்பை வெறும் எழுத்தாகப் படிக்கிறதில்லை; தொகுதியை உண்மையாகவே இம்போர்ட் பண்ணும். இந்த மென்பொருளில் தராசுத் தொகுதி இம்போர்ட் ஆன கணமே போர்ட்டைத் திறக்கப் பார்க்குது. ஆவணம் கட்டும் சர்வரில் தராசு எங்கே இருக்கு? சீரியல் போர்ட்டோட பேசுற பைசீரியல் நூலகமே அங்கே இருக்காது.

பைசீரியல் இல்லாத குறைக்கு, ஸ்பிங்க்ஸ் அமைப்புக் கோப்பில் "போலியாக இம்போர்ட் செய்" என்று ஒரு பட்டியல் கொடுக்கலாம், அதில் அந்தப் பெயரைப் போட்டா போதும். போர்ட் திறக்கிற வரியை மட்டும் ஒரு செயற்கூறுக்குள் தள்ளுங்க. அது ஆவணத்துக்காக மட்டும் இல்லை, தராசு இல்லாத கணினியில் சோதனை ஓட்டவும் வேணும்.

---

தீர்த்தமலை

ஆட்டோடாக்கை மட்டும் ஓட்டிட்டு "எங்ககிட்ட ஆவணம் இருக்கு" என்று சொல்ற திட்டங்கள் ஏராளம். செயற்கூறு பெயரும் அளபுருக்களும் வரிசையா வரும். எதை எப்போ கூப்பிடணும் என்று ஒரு வரி இருக்காது. பென்னாகரத்தான் கேட்டது "புதுத் தராசை எப்படிச் சேர்ப்பது" என்ற ஒரு பக்கம். அதை மனுஷன்தான் எழுதணும். அதுக்குள்ளே நிரல் துணுக்கு வந்தா ஸ்பிங்க்ஸின் டாக்டெஸ்ட் வழியாக ஓட்டிச் சரிபார்க்கலாம். கோட் மாறி ஆவணம் மாறலைன்னா அங்கேயே சிவப்பு விழும்.

மொழி விஷயத்தில் என் முடிவு: ரெண்டு ஆவணம். மண்டிக்கான கையேடு, மூலமே தமிழ். நிரலாளர் ஆவணம், மூலம் ஆங்கிலம். ரெண்டையும் ஒரே ரெப்போவில் வெவ்வேறு கோப்புறையில் வெச்சு, இன்டர்ஸ்பிங்க்ஸ் மூலமா ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குச் சுட்டி கொடுங்க. ஆங்கிலத்தில் எழுதிட்டு அப்புறம் தமிழுக்குக் கொண்டு வரலாம் என்ற திட்டத்தை நான் பல இடத்தில் பார்த்திருக்கேன். அந்த "அப்புறம்" வர்றதேயில்லை. வந்தாலும், விரல் எதை அழுத்தணும்னே தெரியாத வாக்கியமா வரும்.

---

ஓசூர்_ஷிஃப்ட்

அக்கா, மூலம் தமிழ்னா நாளைக்குக் கர்நாடகாவில் ஒரு மண்டி கேட்டா? கோலார் பக்கம் மாங்காய் நம்மைவிடக் குறைவா என்ன?

---

பாலக்கோடு_பைதான்

மொழிபெயர்ப்புக்கு ஸ்பிங்க்ஸில் கெட்டெக்ஸ்ட் முறை இருக்கே தம்பி. ஒவ்வொரு பத்தியையும் எடுத்து பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் வெச்சுடும். மூலம் தமிழா ஆங்கிலமா என்று அது பார்க்காது. தமிழ்ப் பத்திக்குக் கீழே கன்னடப் பத்தி எழுதினா கன்னடக் கையேடு கட்டிக்கலாம். தமிழ் தெரிஞ்ச கன்னடக்காரங்க வேணும், அவ்வளவுதான். அதுக்கு நம்ம மாவட்டத்தில் பஞ்சமா?

ஒண்ணு மட்டும் கவனம். மூலப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும், புதுப்பிக்கும்போது அதோட மொழிபெயர்ப்பு "ஃபஸி" (மறுபடி பார்க்கணும்) என்று குறிக்கப்படும். ஃபஸி ஆன பத்தியை ஸ்பிங்க்ஸ் இயல்பாக எடுக்காது, மூலத்தையே காட்டும். கன்னடக் கையேட்டின் நடுவில் திடீர்னு ஒரு தமிழ்ப் பத்தி நின்னா காரணம் இதுதான். அதனால் சீசன் நடுவில் காற்புள்ளி திருத்துகிற ஆசையை அடக்கி வைங்க.

---

பர்கூர்_பொறியியல்

ஆவணத்தை இணையத்தில் எங்கே ஏத்துறது? கிட்ஹப் பேஜஸா, ரீட் த டாக்ஸா?

---

பென்னாகரத்தான்

ரீட் த டாக்ஸ். கட்டற்ற திட்டத்துக்கு இலவசம், சின்ன விளம்பரம் ஒண்ணு ஓரத்தில் வரும். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்ற கோரிக்கை) அனுப்பினாலே அந்த மாற்றத்தோட முன்னோட்டம் கட்டிக் காட்டும், ஒன்றிணைக்கறதுக்கு முன்னாடியே பார்த்துக்கலாம். ரெப்போவில் அவங்க கேட்கிற யாமல் அமைப்புக் கோப்பு கட்டாயம். பழைய வலைப்பதிவுகளில் அது இல்லாமலே ஓடும் என்று இருக்கும், நம்பாதே. 2023 முதல் அது இல்லைன்னா பில்ட் ஆகாது.

எச்சரிக்கை வந்தா பில்டை நிறுத்தற தெரிவை முதல் நாளே போட்டுடுங்க. அப்புறம் போடலாம்னு விட்டா, எச்சரிக்கைகள் நூத்துக்கணக்கில் சேர்ந்து யாரும் கிட்ட போக மாட்டாங்க. சுட்டிச் சோதனையை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காம வாரம் ஒரு தடவை தனியா ஓட்டுங்க. வெளி இணையதளம் ஒண்ணு படுத்துக்கினா நம்ம பில்ட் ஏன் நிக்கணும்?

---

நெறியாளர்

தோதாபுரி டன் விலை பத்தி நடுவில் வந்த பதிவுகளைச் சந்தை நிலவரப் பிரிவுக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே ஆவணம் மட்டும்.

---

மண்டிக்_கிளார்க்

காகிதத்துல வேணும்னு ஒண்ணு கேட்கணும். தராசுக்குப் பக்கத்துல சுவத்துல ஒட்ட ஒரே ஒரு பக்கம். வண்டியோட எடை எடுக்கிறது, காலி வண்டி எடை எடுக்கிறது, சீட்டு அடிக்கிறது, சீட்டு தப்பாப் போயிட்டா ரத்து பண்றது. பெரிய எழுத்து. என் கூட வேலை செய்யற பசங்க கம்ப்யூட்டர்ல தேட மாட்டாங்க, சுவத்தைப் பார்ப்பாங்க. கம்ப்யூட்டர் திரையைப் பிடிச்ச படம் நிறைய வேண்டாம், போன தடவை அப்டேட்டுல பொத்தான் இடம் மாறிப்போச்சு, படத்துல பழைய இடத்துலயே இருக்கு.

---

பாலக்கோடு_பைதான்

பிடிஎஃப் கட்டலாம். செந்தூரா, ஸ்பிங்க்ஸ் இயல்பா பிடிஎஃப்லேடெக்ஸைக் கூப்பிடும், அது தமிழுக்கு ஆகாது. அமைப்புக் கோப்பில் லேடெக்ஸ் இயந்திரத்தை ஜீலேடெக்ஸ் என்று மாத்தி, எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடுங்க. கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். கட்டும் சர்வரில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருக்கணும், இல்லைன்னா பிடிஎஃப் சரியா வராது.

ஆனா சுவரில் ஒட்டுற ஒரு பக்கத்துக்கு இவ்வளவு வேண்டாம். லிப்ரே ஆபீஸில் கையால் வடிவமைச்சு, அந்தக் கோப்பையும் ரெப்போவிலேயே வைங்க. எல்லாத்தையும் ஒரே கருவியில்தான் கட்டணும்னு ஒரு வெறி நிரலாளர்களுக்கு உண்டு, அதுக்கு இடம் கொடுக்காதீங்க.

---

தீர்த்தமலை

ஸ்கிரீன்ஷாட் குறித்து அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. பொத்தானின் பெயரை எழுத்தில் சொல்லுங்க, "வலது மேல் மூலையில் பச்சைப் பொத்தான்" என்று சொல்லாதீங்க.

---

செந்தூரா

இதுவரைக்கும் பேசினதை வெச்சு ரெப்போவில் இஷ்யூக்கள் (செய்ய வேண்டிய வேலைப் பதிவுகள்) திறந்துட்டேன். மண்டிக் கையேடு தமிழில், ஸ்பிங்க்ஸ், மிஸ்ட். முதல் பக்கம் பிழைச்செய்திகள். அண்ணன் சொன்ன சிவப்பு வரிகள் அப்படியே தலைப்பாக வரும். நிரலாளர் பகுதி ஆங்கிலத்தில், அதில் "புதுத் தராசைச் சேர்ப்பது" பக்கத்தைப் பென்னாகரத்தான் எழுத ஒத்துக்கிட்டார். போர்ட் திறக்கிற வரியை நகர்த்தியாச்சு, ஆட்டோடாக் இப்போ ஓடுது. ஆவணத்துக்கு உரிமம் சிசி பை-எஸ்ஏ என்ற கட்டற்ற பகிர்வு உரிமம்.

வீடியோ யோசனையை ஓசூர் தம்பியே எடுத்துக்கட்டும். தராசு கேபிள் சொருகிற இடம் மட்டும் ஒரு குட்டி வீடியோ, ஒலி இல்லாமல். அது எழுத்தைவிட நல்லாத்தான் இருக்கும்.

---

தேன்கனி_தோட்டம் | தேன்கனிக்கோட்டை

இப்போதான் இழையைப் பார்த்தேன். எங்க பக்கம் மண்டியில் கன்னடமும் தெலுங்கும்தான் அதிகம். எனக்கு மூணும் எழுதப் படிக்க வரும். பிஓ கோப்பு வந்ததும் கன்னடம் நான் பார்த்துக்கறேன். தெலுங்குக்கு எங்க அத்தை பையனைக் கேட்டுச் சொல்றேன். அவன் பிரவுசரிலேயே மொழிபெயர்க்கிற வெப்லேட் இருந்தா செய்வான், கிட் எல்லாம் அவனுக்கு ஆகாது.

---

செந்தூரா

வெப்லேட் போட்டுடலாம்ங்க, ஆனா தமிழ் மூலம் கொஞ்சம் நிலைச்ச பிறகு. இல்லைன்னா உங்க உழைப்பெல்லாம் ஃபஸி ஆகிடும்.

கிளார்க் அண்ணா, முதல் வரைவு தயார். தீர்த்தமலை அக்கா சொன்ன சோதனையை உங்க கூட வேலை செய்யற பசங்களை வெச்சுப் பண்ணலாமா? நான் பக்கத்தில் வாயைத் திறக்க மாட்டேன்.

---

மண்டிக்_கிளார்க்

ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க தம்பி, அப்போ லோடு இருக்காது. எங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏற்கெனவே போட்டிருக்கு, அதுல பார்த்தா தெரியாது. ஒண்ணுமே போடாத லேப்டாப் ஒண்ணு எடுத்துக்கினு வாங்க. கேபிள் நாங்க தர்றோம், அந்த மலிவு கேபிள்தான்.